மிதித்தால் மட்டும் ஊளையிடும் கார்: கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொன்னால் சம்மதிக்கலாமா?

தேனி மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அவருடைய நீண்ட கடிதத்தின் சாரம் இது.

ஐந்து மாதங்களுக்கு முன், பழைய கார் வாங்கி விற்கும் கடை ஒன்றில் 2014 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் காரை 4 லட்சத்து 10 ஆயிரத்துக்கு வாங்கினார். மீட்டரில் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர். கணவருக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடிமெட்டு ஏறி இறங்க வேண்டும். வாங்கிய இரண்டாம் மாதம், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் மெல்லிய ஊளைச் சத்தம் வரத் தொடங்கியது. "குக்கர் கேஸ்கட் ஓரத்தில் ஆவி கசியும்போது கேட்குமே, அந்த மாதிரி" என்று எழுதுகிறார். காலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும். வண்டியை நிறுத்திவைத்து ரேஸ் செய்தால் வராது. இரண்டாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில், மூன்றாம் கியரில் 45இல், நான்காம் கியரில் 65இல் தொடங்குகிறது. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில் இப்போது இரண்டாம் கியர் போட வேண்டியிருக்கிறது.

முதல் மெக்கானிக் "வீல் பேரிங் கத்துது" என்று முன்சக்கரம் இரண்டிலும் பேரிங் மாற்றினார். பயனில்லை. இரண்டாமவர் பவர் ஸ்டீயரிங் பம்ப்பாக இருக்கும் என்றார், பிறகு மனம் மாறி கியர் பாக்ஸில் கெட்டியான ஆயிலை ஊற்றி அனுப்பினார். அன்றிலிருந்து காலையில் முதல் கியர் விழ மறுக்கிறது. மூன்றாமவர் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து வேலை பார்க்க 42 ஆயிரம் கேட்கிறார். விற்ற கடைக்காரரோ, "பத்து வருஷத்துக்கு மேல ஓடின வண்டி, சத்தம் வரத்தான் செய்யும் மேடம்" என்கிறார். சத்தம் அதிகமாவதற்குள் வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று தம்பி சொல்கிறார். சகோதரியின் கேள்விகள் மூன்று: 42 ஆயிரம் செலவு செய்யலாமா? கடைக்காரரைப் பொறுப்பேற்க வைக்க முடியுமா? அதுவரை மலை ஏறலாமா?

அன்புச் சகோதரிக்கு,

கியர் பாக்ஸை இப்போது பிரிக்க விடாதீர்கள். வண்டியைப் பார்க்காமலே இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நீங்களே எழுதியிருக்கும் மூன்று எண்கள்தான்.

அதற்கு முன் ஒன்று. "எனக்கு மட்டும்தான் கேட்கிறது, ஒருவேளை என் பிரமையோ" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரமை இல்லை. பட்டறையில் ஆண்டுக்கணக்கில் சுத்தியல், கிரைண்டர் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்ப்பவர்களுக்கு, 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். மெல்லிய ஊளையை அவர்கள் தவறவிடுவது இயல்பு. அதனால் உங்கள் காதின்மேல் சந்தேகப்பட வேண்டாம். எந்த கியரில் எந்த வேகத்தில் சத்தம் தொடங்குகிறது என்று குறித்துவைத்தீர்களே, பட்டறைக்கு வருபவர்களில் அதைச் செய்பவர் மிகக் குறைவு.

30, 45, 65 சொல்வது என்ன?

காரில் ஊளையிடக்கூடிய எல்லாமே சுழலும் பொருள்கள். அவற்றில் சில சக்கரத்தின் வேகத்தில் சுழல்கின்றன: வீல் பேரிங், டயர், கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் டிஃபரென்ஷியல். மற்றவை என்ஜினின் வேகத்தில் சுழல்கின்றன, அல்லது என்ஜின் தரும் வேலையைப் பொறுத்துச் சுழல்கின்றன: டைனமோ, பெல்ட், அதன் உருளைகள், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. சக்கரத்தோடு சேர்ந்தது கெட்டிருந்தால் சத்தம் வண்டியின் வேகத்தைத்தான் பின்தொடரும். 45இல் கத்துகிறது என்றால், எந்த கியரில் 45 போனாலும் கத்தும்.

உங்கள் வண்டியில் அப்படி நடக்கவில்லை. கியர் மாற மாற, சத்தம் தொடங்கும் வேகமும் மாறுகிறது. ஆனால் மூன்று இடத்திலும் மாறாத ஒன்று உண்டு. இரண்டில் 30, மூன்றில் 45, நான்கில் 65 என்றால், இந்த வண்டியில் மூன்று முறையும் என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்றில்தான் இருக்கும். ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்து நீங்களே சரிபார்க்கலாம். அந்த 1.3 லிட்டர் டீசல் என்ஜின் தன் முழு இழுவையான 190 நியூட்டன் மீட்டரைத் தருவதும் 2,000 சுற்றில்தான். அதாவது, டர்போ முழுமூச்சில் காற்றைத் தள்ளத் தொடங்கும் இடத்தில்தான் உங்கள் ஊளையும் தொடங்குகிறது. வண்டியை நிறுத்திவைத்து ரேஸ் செய்யும்போது என்ஜினுக்குப் பாரம் கிடையாது, டர்போவும் பெரிதாக அழுத்தம் கொடுக்காது. அதனால்தான் பட்டறை வாசலில் உங்களால் அந்தச் சத்தத்தைக் கேட்கவைக்க முடியவில்லை.

இதோடு மேட்டில் இழுவை குறைந்திருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். தேய்ந்த கியர் பல் கத்துமே தவிர, வண்டியின் பலத்தைக் குறைக்காது. டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்திருந்தால், அல்லது அதன் கிளாம்ப் தளர்ந்திருந்தால், இரண்டும் சேர்ந்தே நடக்கும். அழுத்தம் ஏறும்போது காற்று கசிந்து ஊளையிடும், என்ஜினுக்குப் போகவேண்டிய காற்று வெளியே போவதால் இழுவை போகும். நீங்கள் சொன்ன குக்கர் உதாரணம் அப்படியே பொருந்துகிறது. ரப்பருக்கு இந்த வயதில் விரிசல் விடுவது சகஜம். மிதிக்கும்போது பின்னால் கரும்புகை வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மூன்று மெக்கானிக் மூன்று சொன்னதால் வண்டியில் மூன்று கோளாறு இருப்பதாக நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். கோளாறு ஒன்றுதான், ஊகம் மூன்று. வீல் பேரிங் என்றவர் ஓட்டிப் பார்த்திருக்கவே மாட்டார். பேரிங் கெட்டால் காலை எடுத்தாலும் உறுமும், வளைவில் திரும்பும்போது கூடும் குறையும். உங்கள் காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பவர் ஸ்டீயரிங் பம்ப் என்றவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: இந்த மாடலில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின் மோட்டார். கெடுவதற்கு அங்கே பம்ப்பே கிடையாது. அவரிடம் இனி வண்டியை விட வேண்டாம்.

கியர் பாக்ஸ் என்றவர் சொன்னதை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. கியர் பல் ஊளையும் மிதித்தால் வந்து, காலை எடுத்தால் போகும். ஆனால் பல் தேய்ந்திருந்தால் ஏதோ ஒரு கியரில் மட்டும் கத்தும். டிஃபரென்ஷியல் தேய்ந்திருந்தால் எல்லா கியரிலும் ஒரே வேகத்தில் கத்தும். இன்புட் ஷாஃப்ட் பேரிங் போயிருந்தால் வண்டி நியூட்ரலில் நிற்கும்போதே கேட்கும், கிளட்சை மிதித்ததும் அடங்கும். மாறாக, கிளட்சை மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் பேரிங். இந்த நான்கில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ரிவர்ஸில் கேட்கும் ஊளையை நினைத்தும் பயந்திருக்கிறீர்கள். அது புது வண்டியிலும் உண்டு. முன்னோக்கிய கியர்களுக்குச் சாய்வுப் பல், ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் நேர்ப் பல். நேர்ப் பல் ஊளையிடும்.

பட்டறைக்குப் போகும் முன்

சமதளச் சாலையில், போக்குவரத்து இல்லாத நேரத்தில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு இரண்டு சோதனை செய்யுங்கள். மூன்றாம் கியரில் 70 வேகத்தில் கொஞ்சம் அழுத்தி ஓட்டுங்கள், பிறகு நான்காம் கியரில் அதே 70. ஊளையின் சுருதி மூன்றில் உயர்ந்தும் நான்கில் தாழ்ந்தும் கேட்டால் என்ஜின் பக்கம். இரண்டிலும் ஒரே சுருதி என்றால் சக்கரத்தின் பக்கம். பிறகு 70இல் போகும்போது ஒரு நொடி கிளட்சை மிதித்து வண்டியை உருளவிட்டுக் கேளுங்கள், அப்போதும் சத்தம் தொடர்ந்தால் சக்கரத்தின் பக்கம். எக்காரணம் கொண்டும் ஓடும்போது சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துப் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கும் கல்லாகிவிடும்.

என்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைப் பாருங்கள். ஃபில்டர் எப்போது மாற்றியது என்று தெரியவில்லை என்கிறீர்கள். முதல் செலவு அதுவாக இருக்கட்டும். அடைத்துப்போன ஃபில்டரே டர்போவை விசிலடிக்கவைக்கும். பிறகு தடித்த காற்று ஹோஸ்களின் மூட்டுகளைத் தடவுங்கள். லேசான எண்ணெய்ப் படலம் உள்ளே இருப்பது இயல்பு. ஒரு மூட்டின் வெளிப்புறத்தில் மட்டும் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் காற்று அங்கேதான் தப்பிக்கிறது. ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கும்.

பட்டறையில் கேட்க வேண்டியது

"சத்தத்தைச் சரிபண்ணுங்க" என்று வண்டியை விடாதீர்கள். அப்படிச் சொன்னால், கண்ணில் பட்ட பாகத்தை மாற்றுவார்கள். என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்: "ஸ்கேனரைப் போட்டு, நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, டர்போ அழுத்தம் கேட்ட அளவுக்கு ஏறுதான்னு பாருங்க." வண்டி நிற்கும்போது அந்த அளவு 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும், அது வெறும் காற்று மண்டலத்தின் அழுத்தம். மேட்டில் மிதிக்கும்போது, என்ஜின் கேட்கும் அளவும் கிடைக்கும் அளவும் ஒட்டியே ஏற வேண்டும். கிடைப்பது பின்தங்கினால் கசிவு, அல்லது டர்போ. எந்த மூட்டில் கசிகிறது என்று பார்க்கப் புகை விட்டும் பார்க்கலாம், சோப்பு நீரை வைத்தும் பார்க்கலாம்.

ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்தது டர்போ. காற்று உள்ளே போகும் பக்கத்து ஹோஸைக் கழற்றினால் சின்ன விசிறி ஒன்று தெரியும். விரலால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் நூலளவு அசைவது குற்றமில்லை. முன்னும் பின்னும் அசைந்தாலோ, விசிறியின் ஓரம் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ தேய்ந்துவிட்டது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுழலும் பொருள் அது. தாங்குவதற்கு என்ஜின் ஆயிலின் மெல்லிய படலம் தவிர வேறொன்றும் இல்லை. ஆயில் கருத்துப்போய் இருந்தால் அதையும் ஃபில்டரையும் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

இந்த என்ஜின் ஃபியட் வடிவமைத்தது. டாடா, ஃபியட் கார்களிலும் ஓடியதுதான். அதனால் பாகம் கிடைக்காது என்ற கவலை வேண்டாம், கை பழகிய மெக்கானிக்கும் ஊருக்கு ஊர் உண்டு. ஹோஸும் கிளாம்ப்பும் மட்டும் என்றால், 42 ஆயிரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எந்த வேலையாக இருந்தாலும் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு வீல் பேரிங்கும் இன்னும் முதல் பட்டறையில் கிடந்தால் அவற்றையும் பில்லோடு வாங்கி வையுங்கள்.

அந்தக் கெட்டி ஆயில்

இதை உடனே வடித்துவிடுங்கள். காலையில் முதல் கியர் விழாததற்குக் காரணம் அதுதான். முன்சக்கர இழுவை கொண்ட இந்த மாதிரி கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில், கையேட்டில் சொன்ன பாகுநிலையில் வேண்டும். லாரி, ஜீப்பின் பின் ஆக்சிலுக்கு ஊற்றும் ஜிஎல்-5இல் கந்தகம் சேர்ந்த மருந்துகள் அதிகம். கியரை வழுக்கி விழவைக்கும் பித்தளை வளையங்களை அவை அரிக்கக்கூடும். வடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வடிகால் மூடியின் காந்தத்தில் மை மாதிரி சாம்பல் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். இரும்புச் சில்லோ, நகம் மாதிரித் துண்டோ இருந்தால்தான் கியர் பாக்ஸைப் பற்றிப் பேச வேண்டும். மரத்தூள் மாதிரி ஏதாவது வந்தால் உடனே படம் எடுங்கள். கியர் ஊளையை அமுக்கி வண்டியை விற்பதற்கு மரத்தூளையும் கெட்டி ஆயிலையும் போடுவது பழைய தந்திரம்.

கடைக்காரரின் பொறுப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குப் பொருந்தும். நீங்கள் வாங்கியது தனி மனிதரிடம் அல்ல, அதையே தொழிலாகச் செய்பவரிடம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். "உள்ளது உள்ளபடி" என்ற தாளில் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். அந்த வரி, தேய்மானத்துக்கு அவருக்குக் கேடயமாகலாம். தெரிந்தே மறைத்ததற்கு ஆகாது.

ஆனால் வீண் நம்பிக்கையும் கொடுக்க மாட்டேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் ரப்பர் ஹோஸ் இரண்டாம் மாதம் வெடித்தது என்றால், அது விற்கும்போதே இருந்த குறை என்று நிரூபிப்பது கடினம். அதற்காக ஆணையத்துக்கு அலைவதைவிட ஹோஸை மாற்றிவிட்டுப் போவது மேல். கழற்றும்போது பழைய ஹோஸில் டேப் சுற்றியோ பசை தடவியோ மறைத்த தடம் இருந்தால் கதை வேறு. நீங்கள் வண்டியை எடுத்த பிறகு அந்தப் பக்கம் யாரும் கை வைக்கவில்லை என்றால், அது அவர்கள் கடையிலோ அதற்கு முன்போ நடந்தது. அப்போது படங்கள், மெக்கானிக்கின் எழுத்துமூலக் குறிப்பு, பில் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். "மூன்று மாசம் கேரண்டி" என்று வாயால் சொன்னதை அவர் வாட்ஸ்அப்பில் எங்காவது எழுதியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள், அழித்துவிடாதீர்கள். உங்கள் வண்டிக் காப்பீட்டில் இது வராது. தேய்மானமும் இயந்திரப் பழுதும் அதில் விலக்கு.

கடிதத்தின் நடுவே, ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். சத்தத்தைவிட எனக்கு அது பெரிய கவலை. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், காப்பீட்டை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இப்போது மலையில் வண்டி எங்காவது இடித்தால், வண்டியின் சேதத்துக்கு உங்களால் பணம் கேட்க முடியாமல் போகலாம். இந்த வாரமே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்.

தம்பியின் யோசனை

வண்டியை விற்பதில் தவறில்லை. குறையைச் சொல்லி விற்றால் விலை குறையும், அவ்வளவுதான். கெட்டி ஆயிலை அப்படியே விட்டு, சத்தத்தை அமுக்கி விற்பதை மட்டும் செய்யாதீர்கள். தெரிந்த குறையை முனைந்து மறைப்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி மோசடி. அதைவிட, வாங்குபவரும் உங்களைப் போலவே கடன் வாங்கி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறுபவராக இருக்கலாம். மேலும், சில ஆயிரத்தில் தீரக்கூடிய கோளாறுக்காக வண்டியை நஷ்டத்துக்குத் தள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

அதுவரை மலை ஏறலாமா?

கசிவைச் சரிசெய்யும்வரை வேண்டாம். ஊருக்குள் பள்ளிக்குப் போய்வரலாம், 2,000 சுற்றைத் தாண்டாமல் நிதானமாக. கசியும் ஹோஸோடு மேட்டில் அழுத்தினால், இழந்த காற்றை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழலும். ஹோஸோடு போகவேண்டியது டர்போவில் முடியும். அந்த இரண்டு வாரப் பயணத்தைப் பேருந்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீல நிறப் புகை வந்தாலோ, ஆயில் அளவு வேகமாகக் குறைந்தாலோ வண்டியை எடுக்கவே கூடாது. டர்போவின் சீல் உடைந்து என்ஜின் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டால், டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக எகிறத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அரிதாக நடப்பதுதான், ஆனாலும் மலைப்பாதையில் ஓட்டுபவர் தெரிந்திருக்க வேண்டும். அப்போது பிரேக்கை முழுதாக மிதித்து, ஐந்தாம் கியரைப் போட்டு, கிளட்சை விட்டுவிடுங்கள், என்ஜின் திணறி நின்றுவிடும். பானட்டைத் திறக்காமல், எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள்.

எல்லாம் சரியான பிறகும், மேடு ஏறி நின்றதும் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

ஸ்கேனர் அளவும் சரி, ஹோஸும் சரி, டர்போ விசிறியும் சரி, சத்தம் மட்டும் நிற்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். மூன்றாம் கியர் 70இலும் நான்காம் கியர் 70இலும் சுருதி எப்படிக் கேட்டது, வடித்த கியர் ஆயிலில் என்ன வந்தது, இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். கியர் பாக்ஸைப் பிரிக்கலாமா என்பதை அதை வைத்துப் பார்க்கலாம்.